ரீ-என்ட்ரி அடிச்சாச்சா? அப்ஷரும் நானும்

சவூதியில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் ஒருவன் ஊருக்குப் போகிறான் என்று தெரிந்தால் டிக்கெட் எடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. "ரீ-என்ட்ரி அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். காசு இருந்தால் டிக்கெட் நாளைக்கே கிடைக்கும். ரீ-என்ட்ரி இல்லாமல் தம்மாம் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் கவுண்டரைத் தாண்ட முடியாது.

வளைகுடா பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவூதியில் இக்காமா, அதாவது குடியிருப்பு அனுமதி, வைத்து வேலை பார்ப்பவர் விடுமுறைக்கு வெளியே போக வேண்டும் என்றாலே அனுமதி வேண்டும். போய்விட்டு அதே இக்காமாவில் திரும்பி வருவதற்கான அனுமதிக்கு அரபியில் குரூஜ் வ அவ்தா என்று பெயர். போவதும் திரும்புவதும் என்று அர்த்தம். நம் ஆட்கள் வாயில் அது ரீ-என்ட்ரி.

நான் 2008-ல் எலக்ட்ரீஷியன் ஹெல்பராக வந்தவன். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். முதுகு மக்கர் செய்த பிறகு கம்பெனியில் டைம் கீப்பர் நாற்காலி கொடுத்தார்கள். யார் வந்தான், யார் எத்தனை மணி ஓவர்டைம் செய்தான் என்று எழுதுவது வேலை. எழுதத் தெரிந்தவன், கொஞ்சம் ஆங்கிலம் படிப்பவன், கையில் நல்ல போன் வைத்திருப்பவன் என்பதால் ரீ-என்ட்ரி சந்தேகம் எல்லாம் என் அறைக்கு வரும். அப்படிப் பார்த்ததில் அப்ஷர் செயலி பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஐந்தாவதை ஏன் கையில் வைத்திருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்ஷர் என்பது சவூதி உள்துறை அமைச்சகத்தின் சேவைத் தளம். பெயரே எனக்குப் பிடிக்கும். இங்கே ஒரு சவூதிக்காரரிடம் ஏதாவது உதவி கேட்டால், நெஞ்சில் கை வைத்து "அப்ஷிர்" என்பார். ஆகட்டும், கவலைப்படாதே, நல்ல சேதிதான் என்கிற மாதிரி. காரியம் நடக்குமா என்பது வேறு விஷயம். சொல்லும்போது மனசுக்கு இதமாக இருக்கும்.

அந்தக் காலத்து நடைமுறையைச் சொன்னால்தான் இந்தச் செயலியின் மதிப்பு புரியும். அப்போது எல்லாமே மந்தூப் கையில். மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்கு அலைகிற ஆள். முதலில் லீவு ஃபாரம். ஃபோர்மேன் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து. நீ திரும்பி வருவாய் என்று கேம்ப்பில் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்து. எனக்குக் கையெழுத்துப் போட்ட பீகார் நண்பர், நான் திரும்பி வரும்வரை தினமும் என் மனைவிக்கு மிஸ்டு கால் கொடுத்தார். பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில். அப்படி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. லாக்கருக்கு அது தெரியாது. மந்தூப் ஒரு பை நிறைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஜவாசாத் என்கிற பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போவார். அப்போது வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். 2013-ல்தான் வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். புதன் மதியத்துக்குள் வேலை முடியவில்லை என்றால் சனிக்கிழமைதான். என் முதல் ஊர்ப் பயணத்தில், விமானம் ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு முன்னால்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பெட்டியில் டாங் பவுடரும் கோடாலித் தைலமும் கட்டி வைத்துவிட்டு, போகிறேனா இல்லையா என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்ஷரைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கம்பெனிக் கணக்காளர். கும்பகோணத்துக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தம்மாமில் குடியிருந்தார். குடும்பம் வைத்திருப்பவர்கள் தங்கள் மனைவி பிள்ளைகளுக்கான ரீ-என்ட்ரியைத் தாங்களே அப்ஷரில் போட்டுக்கொள்ளலாம். ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மூன்று பேருக்கும் போட்டு முடித்துவிட்டார். மந்தூப் இல்லை, பை இல்லை, புதன்கிழமை இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மறுநாளே கடைவீதி மாலில் இருந்த அப்ஷர் இயந்திரத்தில் விரல் ரேகை வைத்து எனக்கும் கணக்குத் திறந்தேன். அப்போது என் ரீ-என்ட்ரியை நானே போட முடியாது. இக்காமா எப்போது முடிகிறது, விசா நிலவரம் என்ன என்று பார்க்கத்தான் முடியும். அதுவே பெரிய விஷயம். மந்தூப் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லும்போது போடவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கணக்காளரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் வந்தது. வருடத்துக்கு வருடம் 100 கூடி, 2020-ல் 400 ஆனது. மூன்று பேருக்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. அவர் 400 வரும்வரை காத்திருக்கவில்லை. 2019-ல் பள்ளி ஆண்டு முடிந்ததும் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்தத் தடவையும் அப்ஷரில்தான் போட்டார். அதே திரை, அதே நான்கு நிமிடம். ஆனால் ரீ-என்ட்ரி இல்லை, ஒரேயடியாகப் போகும் ஃபைனல் எக்சிட். அன்றைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் மூடி வைத்தார்.

சரி, காரியத்துக்கு வருவோம்.

கட்டணம் இப்படி. ஒரு தடவை போய்வரும் விசாவுக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால். அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100. பலமுறை போய்வரும் விசாவுக்கு மூன்று மாதத்துக்கு 500, அதற்கு மேல் மாதம் 200. இரண்டாவது வகை, வாரக் கடைசியில் கடல் பாலம் ஏறி பஹ்ரைன் போய்வரும் இன்ஜினியர்களுக்கு. கேம்ப்பில் அதற்கு வேலை இல்லை. 2016 அக்டோபரில் இந்தக் கணக்கு வந்தது. அதற்கு முன்னால் எத்தனை மாதம் என்று யாரும் விரல் விட்டு எண்ணியதில்லை. இப்போது மூன்று மாதம் லீவு என்றால் 300, நான்கு என்றால் 400 என்று குழந்தைக்கும் தெரியும்.

இதை யார் கட்ட வேண்டும்? சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இக்காமா, வேலை அனுமதி, ரீ-என்ட்ரி எல்லாவற்றின் கட்டணமும் முதலாளியுடையது. ஆனால் நீங்களே அப்ஷரில் போட்டால் காசு உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். அப்புறம் கம்பெனியிடம் ரசீதைக் காட்டி வாங்குவது உங்கள் சாமர்த்தியம். எங்கள் கேம்ப்பில் இதுவரை ஒருவர்தான் வாங்கியிருக்கிறார். அவர் சமையல்காரர். அவரோடு பகைத்துக்கொள்ள மேனேஜருக்கு மனசில்லை.

காசு கட்டுவது வங்கிச் செயலி வழியாக, சதாத் என்ற சவூதிக் கட்டண முறையில். என் வங்கிச் செயலியில் இந்தப் பகுதிக்கு அந்நாளில் 'ஏலியன் கன்ட்ரோல்' என்று பெயர் இருந்தது. முதல் தடவை பார்த்த பரமக்குடித் தம்பி ஒருவன், "அண்ணே, நம்மள ஏலியன்னு சொல்றாங்களா? பறக்கும் தட்டுல வந்தவனையா கன்ட்ரோல் பண்றாங்க?" என்றான். அன்றிலிருந்து ஊருக்குப் போகிறவனுக்கு எங்கள் அறையில் ஏலியன் என்றே பெயர். முக்கியமான விஷயம், காசு கட்டியும் விசா போடவில்லை என்றால் அந்தக் காசை வங்கி வழியாகவே திரும்ப எடுத்துவிடலாம். விசா விழுந்துவிட்டது என்றால் போனது போனதுதான். பயணம் நின்றுபோனாலும் 200 ரியால் திரும்பாது. அதோடு விடவும் கூடாது. போகவில்லை என்றால் விசா காலாவதியாகும் முன் மறக்காமல் ரத்து செய்ய வேண்டும். சும்மா விட்டுவிட்டால் 1,000 ரியால் அபராதம்.

2021 மார்ச் 14 எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தேதி. அன்றிலிருந்து கம்பெனித் தொழிலாளர்கள் முதலாளியின் சம்மதம் இல்லாமல் தாங்களே அப்ஷரில் ரீ-என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தொழிலாளர் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. கம்பெனிக்குத் தகவல் மட்டும் மின்னணு வழியில் போகும். நான் இதைப் பயன்படுத்தியது ஒரே தடவை. ஒழுங்காக நடந்தது. பட்டனை அழுத்தியதும் விசா விழும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கம்பெனிக்குச் செய்தி போய், அவர்களுக்கான நாட்கள் கழிய வேண்டும். டிக்கெட் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே போட்டு வைப்பதுதான் புத்தி.

உரிமை வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். விசா வேறு, லீவு வேறு. வேலை ஒப்பந்தப்படி லீவு கேட்டு வாங்காமல், விசாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு அப்ஷர் பொறுப்பில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர் அப்படிப் போனான். திரும்பி வந்ததும் நான்கு மாதம் நைட் ஷிஃப்ட்.

இனி அந்த ஐந்தாவது நட்சத்திரம். 2021 சீர்திருத்தம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும், வீட்டு டிரைவர்களுக்கும், தோட்டக்காரர்களுக்கும், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கும் கிடையாது. என் மாமன் மகன் ரியாத்தில் வீட்டு டிரைவர். அவனுக்கு ரீ-என்ட்ரி போடுவது இன்றைக்கும் கஃபீலின், அதாவது வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியின், போனில்தான். கஃபீல் நல்ல மனிதர். போன ரம்ஜானில் காரில் போகும்போதே சிக்னலில் நிறுத்திப் போட்டுக்கொடுத்தாராம். எல்லாருக்கும் அப்படிப்பட்ட கஃபீல் வாய்க்குமா? அவர்கள் போனிலும் அந்தப் பட்டன் வருகிற நாளில் ஐந்தாவதைப் போடுகிறேன்.

விசா போடும் முன் பார்க்க வேண்டியவை சில. பாஸ்போர்ட் குறைந்தது 90 நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும். இக்காமா உயிரோடு இருக்க வேண்டும். விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் போக்குவரத்து அபராதம் ஒரு ரியால்கூடப் பாக்கி இருக்கக் கூடாது. கடைசி விஷயத்தில்தான் பிக்கப் ஓட்டுகிறவர்கள் மாட்டுவார்கள். ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த காசில் பாதி சாலைக் கேமரா போட்ட அபராதத்துக்குப் போகும்.

இக்காமா தேதியில் ஒரு குழப்பம் உண்டு. அது ஹிஜ்ரி கணக்கில் இருந்து வந்தது. ஹிஜ்ரி வருடம் நம் காலண்டரைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. போன வருடம் இன்ன தேதியில் புதுப்பித்தோம், இந்த வருடமும் அதே தேதிதான் என்று நினைத்தவர்களுக்குப் பதினோரு நாள் ஏமாற்றம். அப்ஷரில் இரண்டு தேதியையும் பார்க்கலாம். எதையும் மனக்கணக்கில் வைக்காதீர்கள்.

இப்போது நான் இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். விசா போடும்போது காலத்தை இரண்டு விதமாகக் குறிக்கலாம். ஒன்று, இத்தனை நாள் என்பது. 60, 90, 120 இப்படி. இன்னொன்று, இன்ன தேதிக்கு முன் திரும்ப வேண்டும் என்பது. பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரி இருக்கும். நிச்சயமாக ஒன்றில்லை. நாள் கணக்கில் போட்டால், விசா விழுந்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கிளம்பினால் போதும். அறுபது நாளும் நீங்கள் சவூதியை விட்டு வெளியேறிய தேதியிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். தேதி போட்டால், விசா விழுந்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் கேம்ப்பில் படுத்துத் தூங்கினாலும் ஓடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018-ல் கம்பெனி எனக்கு விசா போட்டது ஏப்ரல் 10-ஆம் தேதி. நான் அந்த வாரமே கிளம்புவதாக இருந்தது. பிளான்ட்டில் ஷட்டவுன் வேலை வந்து, "ரெண்டு வாரம் பொறுத்துக்கோ" என்றார்கள். அது மூன்று வாரத்தைத் தாண்டி மே 3-ஆம் தேதி பறந்தேன். அறுபது நாள் விசா, அப்படியென்றால் ஜூலை 2 வரை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, ஜூன் 28-க்குத் திரும்பும் டிக்கெட். மகளுக்குக் காதுகுத்து ஜூன் பாதியில். தாய்மாமன் சீர், பத்திரிகை, மொட்டை போட ஆள், எல்லாம் சொல்லியாகிவிட்டது.

டிக்கெட்டில் பெயர் எழுத்துப் பிழை என்று காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் விசாத் தாளையும் கேட்டான். பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஜூன் 9-க்கு முன்னாடி திரும்பணும்னு போட்டிருக்கே. நீங்க 28-க்கு டிக்கெட் வச்சிருக்கீங்க?" என்றான். என் கம்பெனி மந்தூப் நாள் கணக்கைப் போடாமல் தேதியைப் போட்டிருந்தார். ஏப்ரல் 10-லிருந்து அறுபது நாள் எண்ணினால் ஜூன் 9. நான் கேம்ப்பில் உட்கார்ந்திருந்த 23 நாளும் விசாவிலிருந்து கழிந்துபோயிருந்தது. மீதி 37 நாள். அதிலும் பெரும்பகுதியை மாமியார் வீட்டிலும் ரேஷன் அட்டை அலுவலகத்திலும் செலவழித்திருந்தேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நீட்டிக்கலாம், ஆனால் மேனேஜர் லீவில் இருக்கிறார் என்றார்கள். நம்பி உட்கார்ந்திருக்கத் தைரியம் வரவில்லை. 9,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி டிக்கெட்டை ஜூன் 7-க்கு மாற்றினேன். மகள் காது குத்தும்போது அழுததைக் கேம்ப்பில் போன் திரையில் பார்த்தேன். என் மடியில் உட்கார வேண்டியவள் என் தம்பி மடியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து மந்தூப்பிடம் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் சொல்வது, நாள் கணக்கிலேயே போடுங்கள், கம்பெனி போட்டாலும் அப்படித்தான் போட வேண்டும் என்று நின்று வாங்குங்கள். ஊரில் சாவு என்று அன்றிரவே கிளம்புகிறவருக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். மற்றவர்களுக்குத் தேதிப் பெட்டி பக்கமே விரல் போக வேண்டாம்.

விசா விழுந்ததும் இன்னும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். குரூஜ் வ அவ்தா என்று இருக்கிறதா, குரூஜ் நிஹாயி என்று இருக்கிறதா? முதலாவது போய்வருவது. இரண்டாவது ஒரேயடியாகப் போவது, ஃபைனல் எக்சிட். பக்கத்துக் கேம்ப்பில் ஒரு பிளம்பர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர், வேறு கம்பெனி. "லீவு விசா குடுத்துட்டாங்கண்ணே, நாள் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று தாளைக் கொண்டுவந்தார். அதில் நாளே இல்லை. நிஹாயி என்ற சொல்தான் இருந்தது. படுக்கை, அடுப்பு, ஃபேன் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பத் தயாராக இருந்த மனிதர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை அலுவலக வாசலில் போய் நின்றார். கை தவறிவிட்டது என்று சொல்லி அதை ரத்து செய்து, ரீ-என்ட்ரி போட்டுக்கொடுத்தார்கள். தவறியது கையா, வேறு எதாவதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நல்லவேளையாக அவர் இன்னும் நாட்டுக்குள்தான் இருந்தார். விமானம் ஏறியிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அரபி படிக்கத் தெரியாதவர்கள் முகீம் என்ற இணையதளத்தில் ஆங்கிலத்தில் சரிபார்க்கலாம். இக்காமா எண்ணோடு இன்னொரு விவரம் கொடுத்தால் விசா எதுவரை செல்லும் என்று காட்டும். அதைத் தாளில் அச்சடித்துப் பையில் வையுங்கள். எல்லாமே கணினியில் இருக்கிறது, தாள் தேவையில்லை என்று சட்டம் பேசலாம். ஊரில் திரும்பும் விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது கவுண்டரில் இருக்கும் பெண் கையை நீட்டித் தாள் கேட்பார். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது போனில் நெட் கிடைக்காது.

வெளியே போன பிறகு நாள் போதவில்லை என்றால் நீட்டிக்கலாம். கம்பெனித் தொழிலாளிக்குக் கம்பெனிதான் முகீம் வழியாக நீட்டிக்க வேண்டும். குடும்பத்தினருக்குக் குடும்பத் தலைவர் தன் அப்ஷரிலேயே செய்யலாம். வெளியிலிருந்து நீட்டித்தால் மாதக் கட்டணம் இருமடங்கு. அதனால் லீவைவிடப் பதினைந்து நாள் அதிகமாகவே விசா வாங்குவது நல்லது. 100 ரியால் கூடும். இரவில் தூக்கம் வரும்.

நீட்டிப்பு என்றாலே எனக்கு 2021 ஞாபகம் வந்துவிடும். கொரோனா காலம். ஜனவரி கடைசியில், அப்போது சிறப்பாக விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஊருக்குப் போனேன். பிப்ரவரி 3-ஆம் தேதி இந்தியா உட்பட 20 நாடுகளுக்குச் சவூதி கதவைச் சாத்திவிட்டது. மார்ச்சில் கம்பெனி ஒரு தடவை காசு கட்டி விசாவை நீட்டித்தது. அதோடு கையை விரித்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில் மன்னர் உத்தரவு வந்தது: வெளியே மாட்டிக்கொண்டவர்களின் இக்காமாவும் ரீ-என்ட்ரியும் கட்டணம் இல்லாமல் தானாகவே ஜூன் 2 வரை நீளும். அப்புறம் ஜூலை 31 வரை. அப்புறம் இன்னும் தள்ளித் தள்ளி. தினமும் விடிந்ததும் அப்ஷரைத் திறந்து என் தேதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். மனைவி கேலி செய்வாள், "சாமி படத்தைக் கும்பிட்டுட்டு அதைப் பாருங்க" என்று. ஒருநாள் காலை உண்மையிலேயே தேதி மாறியிருந்தது. யாரையும் கேட்கவில்லை, எந்த ஃபாரமும் கொடுக்கவில்லை, ஒரு பைசா கட்டவில்லை. பதினோரு வருடம் மந்தூப் பின்னால் அலைந்தவனுக்கு அது நம்ப முடியாத காட்சி. வசதி இருந்தவர்கள் மாலத்தீவிலோ நேபாளத்திலோ 14 நாள் தங்கிச் சுற்றிப் போனார்கள். நான் காத்திருந்தேன். டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேரே வரலாம் என்றார்கள். அந்த மாதக் கடைசியில் வந்து, ஓட்டலில் ஐந்து நாள் தனிமையில் இருந்துவிட்டு வேலையில் சேர்ந்தேன். வந்தபோதும் என் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தப் பதினோரு மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம், சவூதி சிம் செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டது. அப்ஷரில் நுழைய ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். ஊரில் இறங்கியதும் சிம்மைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொள்பவர்கள், கணக்கில் காசு தீர்ந்து எண் போய்விட்டால் தங்கள் விசாவைத் தாங்களே பார்க்க முடியாமல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். எனக்கு அறைத்தோழர் இங்கிருந்து மாதா மாதம் ரீசார்ஜ் போட்டார். நான் ஊர் முறுக்கால் கடனைத் தீர்த்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதுத் தம்பி வந்தான். கம்பிகட்டுபவன், வந்து இரண்டு வருடம் முடிந்திருக்கிறது, முதல் லீவு, தங்கை கல்யாணம். கம்பெனி போட்டுக்கொடுத்த விசாவைக் காட்டினான். 90 நாள் என்று நாள் கணக்கில் இருந்தது, குரூஜ் வ அவ்தா என்றும் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நான்கு வருடம். இக்காமா அடுத்த ஆண்டு வரை. குறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "சிம்முல காசு இருக்கா?" என்று கேட்டேன். "இல்லண்ணே" என்றான். போனை வாங்கி முப்பது ரியாலுக்குப் போட்டுவிட்டேன்.